நிரல் எல்லாக் கணினியிலும் ஓடுகிறதா? தானியங்கி பில்ட் சோதனையை அமைக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கத்தில் முடங்கிக் கிடக்கும் தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் சிறிய நிரல் ஒன்றை சி மொழியில் எழுதிக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டிருந்தேன். என் உபுண்டு மடிக்கணினியில் அது குறையின்றி ஓடியது. தருமபுரி நான்கு ரோடு பக்கம் திருமணப் பத்திரிகை அச்சிடும் அண்ணன் ஒருவர், தம் கடையில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்திருந்த கோப்புகளை அதில் மாற்றிப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். “தம்பி, ஒரு பக்கப் பத்திரிகை ரெண்டு பக்கமா வருது. வரிக்கு வரி நடுவுல ஒரு காலி வரி நிக்குது, வந்து பாருங்க” என்றார். போய்ப் பார்த்தபோது, மணமகன் பெயருக்கும் அவருடைய தந்தையார் பெயருக்கும் இடையே உண்மையிலேயே ஒரு வெற்று வரி நின்றது. கோப்பை நான் பைனரி முறையில் படித்து டெக்ஸ்ட் முறையில் எழுதியிருந்தேன். அதனால், ஏற்கெனவே இரண்டு பைட்டுகளில் முடிந்த ஒவ்வொரு வரிக்கும் விண்டோஸ் மூன்றாவதாக ஒரு பைட்டைச் சேர்த்துவிட்டது. என்னிடம் விண்டோஸ் கணினி இல்லாததால், அந்த ஒரு பைட்டைக் கண்டுபிடிக்க மூன்று நாள் அவருடைய கடையிலேயே உட்கார வேண்டியிருந்தது.

அடுத்த மாதம் கிருஷ்ணகிரியில் படிக்கும் பாலிடெக்னிக் மாணவர் ஒருவர், கணினி இல்லாததால் தம் கைப்பேசியில் டெர்மக்ஸ் செயலி வழியாக அதே நிரலை கம்பைல் செய்து, “அண்ணா, எதுவுமே மாறலையே, போட்டது அப்படியே வருது” என்று எழுதினார். அதற்கும் காரணம் ஒரே ஒரு வரிதான்; அதை 7-ஆம் படியில் சொல்கிறேன். இரண்டு பிழைகளையும் பயனர் பார்ப்பதற்கு முன்பே, செலவில்லாமல், நான்கு நிமிடத்தில் பிடித்திருக்க முடியும் என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்த வழிகாட்டி, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் ஆக்‌ஷன்ஸ் என்ற தானியங்கிச் சோதனை வசதியையும், சிமேக் என்ற கருவியால் பில்ட் செய்யப்படும் (மூல வரிகளிலிருந்து ஓடும் நிரலாக உருவாக்கப்படும்) சி அல்லது சி++ நிரலையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பைத்தான், ரஸ்ட் போன்ற மொழிகளில் எழுதுவோருக்கும் படிகளின் வரிசை இதுவேதான். கட்டளைகளையும் அமைப்புச் சொற்களையும் தமிழ் ஒலிப்பில் கொடுத்திருக்கிறேன். கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, இரண்டடுக்குச் சரிபார்ப்பு இயக்கப்பட்ட கிட்ஹப் கணக்கு. நிரல் பங்களிப்போருக்கு இதை 2023 முதல் கட்டாயமாக்கிவிட்டார்கள். இதற்கு எஸ்எம்எஸ்ஸை மட்டும் நம்பாதீர்கள். எண்களை உருவாக்கித் தரும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் நிறுவிக்கொண்டு, கிட்ஹப் தரும் மீட்புக் குறியீடுகளை ஒரு தாளில் அச்சிட்டு, சான்றிதழ்கள் வைத்திருக்கும் கோப்புறையிலேயே அதையும் வைத்துவிடுங்கள். கைப்பேசி தொலைந்து, இந்தத் தாளும் இல்லாமல் போனால், கணக்கைத் திரும்பப் பெறுவது மிகவும் கடினம்.

இரண்டாவது, உரிமக் கோப்பு. ரெப்போ, அதாவது நிரலின் கோப்புகளையும் அவற்றின் வரலாற்றையும் வைத்திருக்கும் கிட்ஹப் சேமிப்பகம், பொதுவில் இருந்தாலே அது கட்டற்ற மென்பொருள் ஆகிவிடாது. உரிமத்தின் முழு வாசகமும் ஒரு கோப்பாக முதன்மை அடைவில் இருக்க வேண்டும். சோதனை ஓடுவதற்கு இது தேவையில்லை என்றாலும், கட்டற்ற மென்பொருளுக்கென்று இலவச வசதி தருபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

மூன்றாவது, புதிய கணினி ஒன்றில் உங்கள் நிரலை பில்ட் செய்யத் தேவையான கட்டளைகள் அனைத்தும் எழுதப்பட்ட ஒரு பக்கம். என்னென்ன தொகுப்புகளை நிறுவ வேண்டும், எந்தப் பதிப்பு, எந்த வரிசை என்பதை எழுதிவைக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். சோதனை இயந்திரம் ஒவ்வொரு முறையும் எதுவும் அறியாத புதிய கணினியாகவே வந்து நிற்கும். உங்கள் மடிக்கணினியில் என்றோ நிறுவி மறந்துபோன நூலகம் அங்கே இருக்காது.

நான்காவது, உண்மையான மாதிரிக் கோப்புகள். நாமே தட்டிய நான்கு வரிகளை மாதிரியாக வைத்தால், நமக்குத் தெரிந்த பிழை மட்டுமே அகப்படும். அச்சகத்து அண்ணனிடம் கேட்டு வாங்கிய பத்திரிகைகளில் குடும்பத்தாரின் பெயர்களும் கைப்பேசி எண்களும் இருந்தன. பொது ரெப்போவில் ஒருமுறை ஏற்றியதைப் பின்னர் அழித்தாலும் பழைய கமிட்டுகளில் (பதிந்துவைத்த மாற்றங்களில்) அது கிடக்கும் என்பதால், ஏற்றுவதற்கு முன்பே பெயர்களையும் எண்களையும் மாற்றிவிட்டேன். மாற்றும்போது வரி முடிவுகளும் அசாதாரணமான பைட்டுகளும் கலையாமல் இருக்க வேண்டும். அவைதான் அந்த மாதிரியின் பயனே.

2. செலவுக் கணக்கு

பொது ரெப்போவுக்கு, கிட்ஹப்பின் வழக்கமான ரன்னர்களில் ஓட்டுவது இலவசம். ரன்னர் என்பது உங்கள் நிரலை பில்ட் செய்து சோதிக்க அவர்கள் தற்காலிகமாக ஒதுக்கும் கணினி. லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றும் இதில் அடங்கும். கடன் அட்டை கொடுக்கத் தேவையில்லை. மாணவர் சலுகைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கவும் வேண்டாம். பெரிய ரன்னர்கள் என்று தனியே ஒரு வகை உண்டு. அவை கட்டணத்துக்குரியவை, தொடாதீர்கள்.

ரெப்போவைத் தனிப்பட்டதாக வைத்திருந்தால் கணக்கு வேறு. இலவசத் திட்டத்தில் மாதம் 2,000 நிமிடங்கள் கிடைக்கும். ஆனால் விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும் நிமிடங்கள் அந்த ஒதுக்கீட்டை லினக்ஸைவிட வேகமாகத் தின்றுவிடும். மேக் எல்லாவற்றிலும் அதிகம். “முடித்த பிறகு பொதுவில் விடலாம்” என்று மறைத்து வைத்துக்கொண்டே மேக் சோதனை ஓட்டுபவர்கள் ஒரே வாரத்தில் மாத ஒதுக்கீட்டைத் தீர்த்துவிடுகிறார்கள். கட்டற்ற மென்பொருள்தான் எழுதுகிறீர்கள் என்றால், முதல் நாளே பொதுவில் வைத்துவிடுங்கள்.

ஆப்பிளின் உருவாக்குநர் திட்டத்துக்கு ஆண்டுக்கு 99 டாலர் கட்ட வேண்டும் என்று யாரேனும் சொல்லி உங்களைத் தயங்க வைத்திருக்கலாம். முடிந்த நிரலுக்கு ஆப்பிளின் கையொப்பமும் ஒப்புதலும் பெற்று விநியோகிக்கத்தான் அந்தக் கட்டணம். மேக்கில் பில்ட் ஆகிறதா, சோதனையில் தேறுகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு ரூபாயும் வேண்டாம்.

எனக்கு ஆன செலவு நேரம் மட்டுமே: முதல்முறை அமைக்க இரண்டு மாலைப்பொழுதுகள், அதன்பின் விண்டோஸ் பிழைகளைத் தீர்க்க ஒரு வாரம்.

3. ரன்னரிடம் போகும் முன் சோதனையை எழுதுங்கள்

புதியவர்கள் பெரும்பாலோர் இந்தப் படியைத் தாண்டிப்போய்விடுகிறார்கள். கம்பைல் ஆனாலே, தேறியது என்று காட்டும் பச்சைக் குறி வந்துவிடும். அது வந்ததும் நிரல் எல்லா இடத்திலும் வேலை செய்வதாக எண்ணிவிடுகிறோம். என்னுடைய இரண்டு பிழைகளும் எந்த இயங்குதளத்திலும் கம்பைல் ஆவதைத் தடுக்கவில்லை, எச்சரிக்கைகூட வரவில்லை. ஓட்டி, வெளியீட்டைப் பைட்டு பைட்டாக ஒப்பிட்டால் மட்டுமே அவை தெரியும்.

நான் முதலில் வைத்த சோதனை ஒரே ஒரு சொல்லைக் கொண்டது: பாலக்கோடு. டிஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்படுவதால், ஒற்றைக் கொம்போ இரட்டைக் கொம்போ ககரத்துக்கு முன்னால் நிற்கும், கால் பின்னால் நிற்கும். யூனிகோடில் ககரம் முதலில் வந்து, ஓகாரக் குறி ஒரே குறியாக அதன்பின் வர வேண்டும். அப்படி வந்தால் அந்தச் சொல்லில் மொத்தம் 9 குறிகள். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள் என்பதால் 27 பைட்டுகள். வரி முடிவுக்கு ஒன்று சேர்த்து 28. கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக எழுதிவிட்டால் திரையில் வேறுபாடு எதுவும் தெரியாது, ஆனால் அளவு 31 ஆகிவிடும். விண்டோஸ் தன் வழக்கப்படி வரி முடிவை இரண்டு பைட்டாக எழுதினால் 29. ஆகவே அந்த ஒரு வரியின் நீளமே எங்கே தவறு நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. உங்கள் நிரலுக்கும் இப்படி விடை துல்லியமாகத் தெரிந்த ஒரு சிறிய மாதிரியைத் தேடிப் பிடியுங்கள்.

தமிழில் பெயரிட்ட கோப்பைத் திறக்கும் சோதனை ஒன்றும், இடைவெளி உள்ள அடைவுப் பெயரில் ஓட்டும் சோதனை ஒன்றும் கட்டாயம் வையுங்கள். நம் பயனர்கள் கோப்புக்குத் தமிழில்தான் பெயர் வைப்பார்கள். விண்டோஸில் சி மொழியின் வழக்கமான எஃப்ஓப்பன் அந்தப் பெயரை இயங்குதளத்தின் பழைய குறிப்பக்கத்தின்படி புரிந்துகொள்வதால், கோப்பு கண்முன்னே இருந்தும் “இல்லை” என்று சொல்லும்.

சோதனைகள் அனைத்தும் சிமேக்கோடு வரும் சிடெஸ்ட் என்ற ஒரே கட்டளையில் ஓட வேண்டும். அதோடு நோ-டெஸ்ட்ஸ்=எரர் என்ற தேர்வையும் சேருங்கள், சிமேக் 3.12 முதல் அது உண்டு. அதைச் சேர்க்காவிட்டால், அமைப்பில் ஏதோ பிசகி ஒரு சோதனைகூட அகப்படாத நிலையிலும் சிடெஸ்ட் வெற்றி என்றே முடித்துக்கொள்ளும். பூச்சியம் சோதனைகளுக்குக் கிடைத்த பச்சைக் குறியை நான் இரண்டு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன்.

4. கிட்ஆட்ரிப்யூட்ஸ் கோப்பை மறக்காதீர்கள்

ரெப்போவின் முதன்மை அடைவில் புள்ளியில் தொடங்கும் கிட்ஆட்ரிப்யூட்ஸ் என்ற கோப்பு இருக்க வேண்டும். விண்டோஸ் ரன்னரில் உள்ள கிட் (ரெப்போவை ஏற்றி இறக்கும் கருவி), டெக்ஸ்ட் கோப்புகளை இறக்கும்போதே வரி முடிவுகளை விண்டோஸ் வழக்கத்துக்கு மாற்றிவிடும். நீங்கள் 28 பைட்டாக ஏற்றிவைத்த எதிர்பார்ப்புக் கோப்பு அங்கே 29 பைட்டாக வந்து நிற்கும். பிழை நிரலில் இல்லாமல் ஒப்பிடும் கோப்பில் இருப்பதை யாரும் முதலில் சந்தேகிப்பதில்லை. சோதனை மாதிரிகள் இருக்கும் அடைவு முழுவதையும் பைனரி என்று அதில் குறித்துவிடுங்கள்.

இதே நேரத்தில் கோப்புப் பெயர்களையும் பார்த்துவிடுங்கள். பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை லினக்ஸ் கணக்கில் கொள்ளும்; விண்டோஸும், வழக்கமான அமைப்பில் உள்ள மேக்கும் கொள்ளாது. பெயரில் முக்காற்புள்ளி இருந்தாலோ, ஏயுஎக்ஸ், சிஓஎன் போன்ற ஒதுக்கப்பட்ட சொற்கள் பெயராக இருந்தாலோ, விண்டோஸ் ரெப்போவை இறக்கும்போதே நின்றுவிடும்.

5. ஒர்க்ஃப்ளோ கோப்பை எழுதுதல்

புள்ளி கிட்ஹப் என்ற அடைவுக்குள் ஒர்க்ஃப்ளோஸ் என்ற அடைவை உருவாக்கி, அதற்குள் யாமல் என்ற அமைப்புக் கோப்பு வடிவில் ஒரு கோப்பை வையுங்கள். அதில் மூன்று பகுதிகள் போதும். எப்போது ஓட வேண்டும் என்பது முதல் பகுதி: புஷ் செய்யும்போதும் (உங்கள் மாற்றத்தை ரெப்போவில் ஏற்றும்போதும்), புல் ரிக்வெஸ்ட் (தம் மாற்றத்தை இணைத்துக்கொள்ளச் சொல்லிப் பிறர் அனுப்பும் வேண்டுகோள்) வரும்போதும். என்ன அனுமதி என்பது இரண்டாவது: உள்ளடக்கத்தைப் படிக்க மட்டும். எந்தெந்த இயந்திரத்தில் என்னென்ன கட்டளைகள் என்பது மூன்றாவது: ரெப்போவை இறக்கு, சிமேக் கொண்டு அமை, பில்ட் செய், சிடெஸ்ட் ஓட்டு. முதல் நாள் உபுண்டுவில் மட்டும் ஓட்டிப் பச்சைக் குறியைப் பாருங்கள். மற்ற இயங்குதளங்களை அதன்பின் சேருங்கள்.

யாமலில் டேப் விசையால் உள்ளொதுக்கக் கூடாது, இடைவெளி மட்டுமே. பதிப்பு எண்களை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள், பைத்தான் 3.10 என்று வெறுமனே எழுதினால் அது தசம எண்ணாகப் படிக்கப்பட்டு 3.1 ஆகிவிடும். எங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டினால் வளைந்த மேற்கோள் குறிகள் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் கால வரம்பு கொடுங்கள். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் வரம்பு 360 நிமிடம். நிரல் எங்காவது முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தால், ஆறு மணி நேரம் கழித்துத்தான் சிவப்புக் குறி வரும். நான் 15 நிமிடம் வைத்திருக்கிறேன். புதிய கமிட் வந்ததும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஓட்டத்தை நிறுத்தும் கன்கரன்ஸி அமைப்பையும் சேர்த்துவிடுங்கள்.

ஒர்க்ஃப்ளோவில் அப்படியே செருகிக்கொள்ளும்படி மற்றவர்கள் எழுதிய ஆக்‌ஷன்களைப் பயன்படுத்தும்போது, பதிப்புப் பெயரைக் கொடுக்காமல் அந்தக் கமிட்டின் 40 இலக்க அடையாளத்தை முழுமையாகக் கொடுங்கள். 2025 மார்ச்சில், 23,000-க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் பயன்படுத்திவந்த ஓர் ஆக்‌ஷனுக்குள் யாரோ புகுந்து, பழைய பதிப்புப் பெயர்களையே தீங்கான கமிட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். அந்த ஆக்‌ஷனை 40 இலக்கத்தால் முன்பே கட்டிவைத்திருந்தவர்களை அது தொடவில்லை.

6. மூன்று இயங்குதளங்களுக்கு விரித்தல்

ஒரே வேலையைப் பல இயந்திரங்களில் ஓட்டுவதற்கு மேட்ரிக்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது. உபுண்டு, விண்டோஸ், மேக் என்று மூன்று பெயர்களை அதில் கொடுத்தால் மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் தொடங்கும். ஃபெயில்-ஃபாஸ்ட் என்ற தேர்வை அணைத்துவிடுங்கள். அது இயல்பாகவே இயங்கும் நிலையில் இருப்பதால், விண்டோஸ் தோற்றவுடன் மற்ற இரண்டையும் பாதியில் நிறுத்திவிடும். பிழை விண்டோஸுக்கு மட்டும் உரியதா, எல்லாவற்றிலும் இருக்கிறதா என்பது தெரியாமலே போகும்.

விண்டோஸில் மூன்று பொறிகள் உண்டு. முதலாவது, அங்கே கட்டளைகள் பவர்ஷெல் வழியாக ஓடும். ஒரே கட்டத்தில் நான்கு கட்டளைகளை எழுதியிருந்து, இரண்டாவது தோற்று நான்காவது வென்றால், அந்தக் கட்டம் முழுதும் வென்றதாகவே பதிவாகிவிடும். எல்லா இயங்குதளத்துக்கும் ஷெல் பேஷ் என்று ஒரே இடத்தில் அறிவித்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. இரண்டாவது, விஷுவல் ஸ்டுடியோவுக்கு சிமேக் டீபக், ரிலீஸ் இரண்டையும் ஒரே அடைவில் அமைப்பதால், பில்ட் செய்யும்போதும் சிடெஸ்ட் ஓட்டும்போதும் ரிலீஸ் என்று இரண்டு இடத்திலும் சொல்ல வேண்டும். மூன்றாவது, ரன்னரில் விஷுவல் ஸ்டுடியோவும் அதன் நூலகங்களும் முன்பே நிறுவப்பட்டிருக்கும். அச்சகத்தின் கணினியில் அவை இருக்காது. இயக்க நேர நூலகத்தை நிரலோடு ஸ்டாட்டிக்காக (நிரலின் கோப்புக்குள்ளேயே சேரும்படி) இணைக்காவிட்டால், சோதனையில் தேறிய நிரல் பயனரிடம் போய் டிஎல்எல் இல்லை என்று நிற்கும்.

மேக்கைப் பொறுத்தவரை ஒன்றை நினைவில் கொண்டால் போதும். மேக்ஓஎஸ்-லேட்டஸ்ட் என்று கொடுத்தால் கிடைப்பது ஆப்பிளின் ஆர்ம் சில்லு கொண்ட இயந்திரம். இன்டெல் மேக் வைத்திருக்கும் பயனர்கள் உங்களுக்கு இருந்தால், அதற்குத் தனிப் பெயர் கொடுக்க வேண்டும்.

இலவசக் கணக்கில் ஒரே நேரத்தில் 20 வேலைகள்தான் ஓடும். அவற்றில் மேக் 5 மட்டுமே. நான்கு கம்பைலர், மூன்று இயங்குதளம், இரண்டு பில்ட் வகை என்று பெருக்கிக்கொண்டே போனால் வரிசையில் காத்திருக்கும் நேரம்தான் கூடும். எனக்கு ஆறு வேலைகளே போதுமானதாக இருக்கின்றன.

7. ஆர்ம் லினக்ஸும் பழைய லினக்ஸும்

பாலிடெக்னிக் மாணவரின் கைப்பேசியில் நடந்தது இதுதான். டிஸ்கியில் தமிழ் எழுத்துகள் 127-க்கு மேற்பட்ட பைட்டுகளில் இருக்கின்றன. என் மடிக்கணினியின் இன்டெல் கட்டமைப்பில் சி மொழியின் சார் என்ற எழுத்து வகைக்குக் குறை எண் உண்டு என்பதால், அத்தகைய பைட்டுகள் பூச்சியத்துக்குக் குறைவாகத் தெரியும். “பூச்சியத்துக்குக் குறைவு என்றால் தமிழ்” என்று நான் ஒரு வரி எழுதியிருந்தேன். ஆர்ம் லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் சார் வகைக்குக் குறை எண் கிடையாது. அந்த நிபந்தனை அங்கே ஒருபோதும் நிறைவேறாது. ஆகவே எல்லா எழுத்தும் ஆங்கிலமாகக் கருதப்பட்டு, போட்டபடியே வெளியே வந்தது.

இதைக் கவனியுங்கள்: ஆப்பிளின் ஆர்ம் இயந்திரங்களில் சார் வகைக்குக் குறை எண் உண்டு. மேக்கில் சோதித்துவிட்டதால் ஆர்மையும் சோதித்தாயிற்று என்று எண்ணியிருந்தால், இந்தப் பிழை என்றைக்கும் அகப்பட்டிருக்காது. மேட்ரிக்ஸில் உபுண்டு-24.04-ஆர்ம் என்ற பெயரையும் சேருங்கள். பொது ரெப்போவுக்கு அதுவும் இலவசம். ரன்னருக்குப் போகாமல் உங்கள் கணினியிலேயே பார்க்க விரும்பினால், ஜிசிசி கம்பைலரில் எஃப்அன்சைன்ட்-சார் என்ற தேர்வைக் கொடுத்து ஒருமுறை பில்ட் செய்யுங்கள். நிரந்தரத் தீர்வு, பைட்டுகளைக் கையாளும் இடமெல்லாம் அன்சைன்ட் சார் என்று வெளிப்படையாக அறிவிப்பதுதான். நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் இயக்கப்பட்ட ஒரு லினக்ஸ் ஓட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறை எண்ணை அட்டவணையின் சுட்டெண்ணாகக் கொடுக்கும் பிழை, ஓட்டத்தில் அது நிகழும் வரியோடு அங்கேதான் வெளிப்பட்டது.

நம் மாவட்டங்களில் அரசின் விலையில்லா மடிக்கணினியை இன்னும் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். பாஸ் என்ற இந்திய லினக்ஸோடு வந்தவை அவற்றில் உண்டு. உபுண்டு 24.04-இல் உள்ள ஜிலிப்சி (லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி நூலகம்) 2.39. அங்கே உருவான நிரலைப் பழைய லினக்ஸில் ஓட்டினால், தேவையான ஜிலிப்சி பதிப்பு இல்லை என்ற செய்தியோடு நின்றுவிடும். ஒர்க்ஃப்ளோவில் கன்டெய்னர் (ரன்னருக்குள் தனித்து ஓடும் வேறொரு லினக்ஸ் சூழல்) என்ற இடத்தில் டெபியன் 11 என்று கொடுத்தால், ஜிலிப்சி 2.31-இல் பில்ட் ஆகும். ஜிலிப்சி 2.28-ஐவிடவும் பழையதற்குப் போனால் ரெப்போவை இறக்கும் ஆக்‌ஷனே ஓடாது, ஏனெனில் அது சார்ந்திருக்கும் நோட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் இயக்கிக்கு அதுவாவது வேண்டும். அத்தகைய கணினிகளுக்காக, ஆல்பைன் லினக்ஸ் கன்டெய்னரில் மஸ்ல் என்ற சிறிய சி நூலகத்தோடு ஸ்டாட்டிக்காக பில்ட் செய்து ஒரு கோப்பைத் தனியே தருகிறேன்.

ஐபிஎம் பெருங்கணினிகளின் எஸ்390எக்ஸ் போன்ற அரிய கட்டமைப்புகளை கியூஎமு என்ற நிரல் வழியாகப் போலச் செய்து ஓட்டலாம். மிக மெதுவாக ஓடும். பைட் வரிசை சார்ந்த கோப்புகளை உங்கள் நிரல் எழுதாத வரை, புதியவருக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து. உண்மையான வன்பொருளே வேண்டும் என்றால், கட்டற்ற மென்பொருள் உருவாக்குவோருக்கு ஜிசிசி கம்பைல் ஃபார்ம் இலவசமாகக் கணக்கு தருகிறது.

8. சிவப்புக் குறி வந்தால்

ஓட்டத்தின் பதிவை (லாக்) கடைசி வரியிலிருந்து படிக்காதீர்கள். “செயல் 1 என்ற குறியோடு முடிந்தது” என்பதைத் தவிர அங்கே எதுவும் இருக்காது. முதல் பிழை வரியைத் தேடுங்கள். சிடெஸ்டுக்குத் தோற்றால் வெளியீட்டைக் காட்டு என்ற தேர்வைக் கொடுத்திருந்தால், எந்த மாதிரி, எதிர்பார்த்தது எத்தனை பைட்டு, வந்தது எத்தனை என்பது அங்கேயே தெரியும். தோற்ற சோதனையின் வெளியீட்டுக் கோப்பை ஆர்டிஃபாக்டாக, அதாவது ஓட்டத்தோடு சேமித்துவைக்கும் கோப்பாக, ஏற்றச் சொல்லுங்கள். 90 நாள் வரை இருக்கும், இறக்கி ஹெக்ஸ் பார்வையில் பார்க்கலாம். விண்டோஸ் கணினி இல்லாமலே விண்டோஸ் பிழைகளை நான் தீர்ப்பது இந்தக் கோப்புகளைக் கொண்டுதான்.

மீண்டும் ஓட்டு என்ற பொத்தானை அழுத்திப் பச்சையாக வந்துவிட்டால், அத்தோடு விட்டுவிடாதீர்கள். ஒருமுறை தோற்று ஒருமுறை வெல்லும் சோதனையில் எங்கோ நேரமோ, தொடக்க மதிப்பு கொடுக்கப்படாத மாறியோ, இணைய இறக்கமோ ஒளிந்திருக்கிறது. சோதனை ஓடும்போது இணையத்திலிருந்து எதையும் இறக்காதபடி மாதிரிகளை ரெப்போவுக்குள்ளேயே வையுங்கள்.

9. பிறர் அனுப்பும் புல் ரிக்வெஸ்ட்

முதன்முறை பங்களிப்பவர் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால், நீங்கள் ஒப்புதல் தரும்வரை சோதனை ஓடாது. இதை அறியாமல், பர்கூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் அனுப்பிய திருத்தத்தை ஒன்பது நாள் காக்க வைத்துவிட்டேன். அவரும் தம்முடைய பிழையென்றே நினைத்துக்கொண்டிருந்தார். ஒப்புதல் பொத்தானை அழுத்தும் முன், அவர் ஒர்க்ஃப்ளோ கோப்பையோ பில்ட் கோப்புகளையோ மாற்றியிருக்கிறாரா என்று படித்துப் பாருங்கள்.

ஃபோர்க்கிலிருந்து (பிறர் எடுத்துக்கொண்ட ரெப்போ நகலிலிருந்து) வரும் ஓட்டத்துக்கு ரெப்போவின் ரகசியச் சாவிகள் கிடைக்காது. இது குறையல்ல, பாதுகாப்பு. இதைச் சுற்றிவரச் சிலர் புல்-ரிக்வெஸ்ட்-டார்கெட் என்ற நிகழ்வைப் பயன்படுத்தச் சொல்வார்கள். அதில் வெளியாரின் நிரலை இறக்கி ஓட்டினால், உங்கள் சாவிகளை அவர் கையில் கொடுத்ததற்குச் சமம், செய்யாதீர்கள். வீட்டில் சும்மா கிடக்கும் கணினியைச் சொந்த ரன்னராகப் பொது ரெப்போவில் இணைப்பதும் வேண்டாம். யாரோ அனுப்பும் நிரல் உங்கள் வீட்டு நெட்வொர்க்குக்குள் ஓடும். பொது ரெப்போவில் அவ்வாறு இணைக்க வேண்டாமென்று கிட்ஹப்பே அறிவுறுத்துகிறது.

சோதனை தேறினால் மட்டுமே இணைக்க முடியும் என்ற விதியை முதன்மைக் கிளைக்கு வைத்த பிறகு, ஆவணக் கோப்பு மாறினால் ஓடாதே என்று ஒர்க்ஃப்ளோவில் எழுதாதீர்கள். ஓடாத சோதனைக்காகப் புல் ரிக்வெஸ்ட் காத்துக்கொண்டே நிற்கும்.

10. வாராந்தர ஓட்டமும் அதன் நேரமும்

நீங்கள் ஒரு வரியைக்கூட மாற்றாவிட்டாலும் ரன்னர்கள் மாறிக்கொண்டிருக்கும். உபுண்டு-லேட்டஸ்ட் என்ற பெயர் 2024 டிசம்பரிலிருந்து 2025 ஜனவரிக்குள் 22.04-இலிருந்து 24.04-க்கு மாறியது, உபுண்டு 20.04 ரன்னர் 2025 ஏப்ரலில் நீக்கப்பட்டது. ஆகவே வாரம் ஒருமுறை தானாக ஓடும்படி அட்டவணை வையுங்கள். இது முதன்மைக் கிளையில் உள்ள ஒர்க்ஃப்ளோ கோப்பைக் கொண்டே ஓடும்.

அட்டவணை நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுத வேண்டும்; நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. திங்கள் காலை 4:47-க்கு ஓட வேண்டும் என்றால் 23:17 என்று எழுத வேண்டும். கிழமையையும் ஞாயிறு என்றே கொடுக்க வேண்டும். நேரத்தைக் கழித்துவிட்டுக் கிழமையை மாற்ற மறந்ததால், என் ஓட்டம் பல வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் நடந்தது. மணி தொடங்கும் நிமிடத்தைத் தவிருங்கள். எல்லோரும் அதையே கொடுப்பதால் அந்த நேரத்தில் தாமதம் அதிகம்.

பொது ரெப்போவில் 60 நாள் எந்தச் செயல்பாடும் இல்லாவிட்டால், அட்டவணை ஓட்டத்தை கிட்ஹப் தானாக அணைத்துவிடும். வேலை முடிந்து அமைதியாக இருக்கும் நிரல்களுக்குத்தான் இது அதிகம் நேரும். சிவப்புக் குறியும் வராது, ஏனெனில் எதுவுமே ஓடியிருக்காது. மாதத்தின் முதல் வாரத்தில் ஆக்‌ஷன்ஸ் பக்கத்தைத் திறந்து, கடைசியாக ஓடிய தேதியைப் பாருங்கள். அணைந்திருந்தால் அங்கேயே மீண்டும் இயக்கும் பொத்தான் இருக்கிறது. அழுத்திவிட்டு, அடுத்த வாரம் காத்திராமல் கையாலேயே ஒருமுறை ஓட்டிவிடுங்கள். அப்படிக் கையால் ஓட்டுவதற்கு, ஒர்க்ஃப்ளோ-டிஸ்பேட்ச் என்ற வரி முன்பே கோப்பில் இருக்க வேண்டும். 5-ஆம் படியில் புஷ், புல் ரிக்வெஸ்ட் என்று எழுதிய இடத்திலேயே அதையும் சேர்த்துவையுங்கள்.